இலைமறை

ஓல்டன்பர்க் நகராட்சி எனக்கு
ஒரு சக்கரம் தந்திருக்கிறது.
இடுப்பளவு கம்பு, நுனியில் ஒற்றைச் சக்கரம்,
உருட்ட உருட்ட மீட்டரை எண்ணும்.
சறுக்குமரத் திடலின் வாசலில்
சுழியத்தில் வைத்துத் தொடங்குவேன்.
நூறு வரைக்கும், கண்ணில் படும்படி,
கஞ்சா புகைத்தால் குற்றம்.
நூற்றொன்றாவது மீட்டரில் அதுவே
யாரோ ஒருவரின் மாலைப்பொழுது.

அறுபத்திரண்டில் ஒரு பெஞ்சு.
ஜூனில் நான் அளந்தபோது
குறுக்கே லிண்டன் மரம் அடர்ந்து தழைத்திருந்தது.
குனிந்து பார்த்தேன், எட்டிப் பார்த்தேன்,
சறுக்குமரத்தில் ஏறியும் பார்த்தேன்
(வரிசையில் வா என்றான் ஒரு பொடியன்).
பெஞ்சு தெரியவே இல்லை.
பார்வை படவில்லை, தடையில்லை
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்:
வீப்கே ஹார்ம்ஸ்.

அந்தக் கோடை முழுக்க அங்கே
எக்கார்ட் லூக்கன் உட்கார்ந்தார்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
நாளுக்கு ஒன்று, ஆறு மணிக்கு மேல்.
வலிக்காகவா என்று கேட்டேன்.
இல்லை, பிடிக்கும், என்றார்.
வலி என்று சொல்லியிருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
பிடிக்குமென்றால் வீட்டிலேயே பிடிக்கலாமே?
மேல்மாடியில் கைக்குழந்தை,
சன்னல் வழியாகப் புகை ஏறும், பாவம், என்றார்.

முப்பதாவது மீட்டரில் இன்னொரு பெஞ்சு.
பீர் புட்டிகளோடு நான்கு பேர்.
இலை இருந்தாலும் உதிர்ந்தாலும்
நான்கு பேர்.
ஒருவன் சில நாள் அழுவான்,
சில நாள் புட்டியை எறிவான்.
என் சக்கரம் அவர்களைக் கடக்கும்போது
முப்பது என்று மட்டும் சொல்லும்.

அக்டோபர் கடைசியில் இரண்டு இரவு காற்று.
விடிந்தபோது மரம் வெறும் கிளை.
பெஞ்சு, எக்கார்ட், அவர் விரல்நுனிச் சிவப்புப் பொட்டு,
எல்லாம் சறுக்குமரத்திலிருந்து பளிச்சென்று.
இலைமறை காயாக இருந்தவர்
ராத்திரியோடு ராத்திரியாகக் குற்றவாளி.
போய்ச் சொன்னேன், இனி இங்கே கூடாது.
சட்டம் மாறிவிட்டதா?
மரம் மாறிவிட்டது.
அண்ணாந்து பார்த்துவிட்டு நெடுநேரம் சிரித்தார்.
சீருடையில் இல்லாவிட்டால் நானும்.

புகார் கொடுத்தவள் கெஸீனே.
நியாயமான புகார்தான்.
கண்ணுக்கு நூறு மீட்டர், சரி,
மூக்குக்கு எத்தனை, என்றாள்.
இந்த ஊரில் காற்று மேற்கிலிருந்துதான் வரும்.
ஜூனிலும் அப்படித்தான் வந்தது.
நான் எழுதிய தாளில்
காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஃபென்யா,
நடக்கத் தொடங்கி மூன்று வாரம்.
எந்த வீடு என்று கேட்டேன்.
எக்கார்டின் மேல்மாடி.

இந்தக் குழந்தைக்காகத்தான்
அந்த மனிதர் வெளியே வந்தார் என்று
நுனிநாக்குவரை வந்தது.
சொன்னால் புகை குறையுமா?
வாசலுக்கு அந்தப் பக்கம் போய்
என் சிகரெட்டைப் பற்றவைத்தேன்.
இரண்டாவது மீட்டர்.
கெஸீனே ஒன்றும் சொல்லவில்லை.
குழந்தையை
ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

நகரமன்றத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.
பூங்கா முழுக்கத் தடுத்துவிடலாமா?
தடுத்தால் பாலத்தடிக்குப் போவார்கள், என்றேன்,
அங்கே விளக்கும் இல்லை.
அப்படியானால் எங்கும் விட்டுவிடலாமா?
விட்டால், என்று தொடங்கி
ஃபென்யாவின் நடை நினைவுக்கு வர,
அளவு சொல்லத்தான் வந்தேன் என்று
உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எக்கார்ட் மடக்கு நாற்காலி கொண்டுவருகிறார்.
நூற்றொன்றில் நானே சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.
மழை அதைக் கரைத்துவிட்டது.
ஆனாலும் பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்துகிற மாதிரி
நாற்காலிக்கால் அதே இடத்தில்.
ஒரு கையில் குடை.
அது மட்டும் போதாதென்று
குடையையும் சுருட்டையும் ஒரே கைக்கு மாற்றி
மற்றதை ஆட்டுகிறார்.
சறுக்குமரத்தடியில்,
சட்டப்படி பார்வை படாத தூரத்தில்,
ஃபென்யா திருப்பி ஆட்டுகிறது.

ஏப்ரலில் தளிர் விடும்.
மறுபடி அளக்க வேண்டும்.